காணாத பொருளா, திருத்த வேண்டிய விதியா?

1846ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் இரவு. பெர்லின் வானாய்வுக் கூடத்தில் யோகான் கால்லே என்பவர் தொலைநோக்கியின் முன் அமர்ந்திருந்தார். அன்றுதான் பாரிசிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. எழுதியவர் உர்பேன் லெ வெரியே என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர். வானத்தில் இன்ன இடத்தில் இதுவரை எவரும் அறியாத ஒரு கோள் இருக்கவேண்டும், தேடிப் பாருங்கள் என்பதே கடிதத்தின் சாரம். கால்லே ஒவ்வொரு விண்மீனாகச் சொல்லிக்கொண்டே வர, டாரெஸ்ட் என்ற இளைஞர் வான்படத்தில் சரிபார்த்துக்கொண்டே வந்தார். படத்தில் இல்லாத ஒன்று அகப்பட்டது. லெ வெரியே குறித்த இடத்திற்கும் அது இருந்த இடத்திற்கும் இடைவெளி ஒரு பாகைக்கும் குறைவு. அதுவே நெப்டியூன்.

லெ வெரியே அந்தக் கோளைப் பார்த்ததில்லை. பிறகு எப்படிச் சொன்னார்? 1781இல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ் என்னும் கோள், நியூட்டனின் ஈர்ப்பு விதிப்படி போட்ட கணக்கிலிருந்து சிறிது சிறிதாக விலகி நடந்துகொண்டிருந்தது. அப்படியானால் இரண்டிலொன்று நடந்திருக்கவேண்டும். நம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதை இழுத்திருக்கவேண்டும். அல்லது அவ்வளவு தொலைவில் நியூட்டனின் விதி சரிவரப் பொருந்தாமல் போயிருக்கவேண்டும். லெ வெரியே முதல் வழியில் சென்றார். இங்கிலாந்தில் ஜான் கூச் ஆடம்ஸ் என்ற இளைஞரும் தனியே அதே வழியில் கணக்கிட்டிருந்தார். காணாத பொருள் காணும் பொருளாயிற்று. ஐரோப்பா முழுவதும் லெ வெரியேயின் புகழ் பரவிற்று.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இன்றைய பேச்சுக்கு வேலையில்லை. 1859இல் அதே லெ வெரியே, சூரியனுக்கு மிக அருகில் சுற்றும் புதன் கோளும் கணக்குக்கு அடங்கவில்லை என்று கண்டார். புதனின் நீள்வட்டப் பாதை கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போகிறது. மற்றக் கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்துவிட்டாலும் ஒரு சிறு மிச்சம் நின்றது. பின்னாளில் திருத்தமாக அளந்தபோது அந்த மிச்சம் நூறாண்டுக்கு 43 விகலை. முழுநிலவின் அகலத்தை நாற்பது கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான். அதுவும் ஒரு நூற்றாண்டில்! ஆயினும் கணக்கு கணக்குத்தானே. முன்பு வென்ற வழியிலேயே லெ வெரியே மீண்டும் சென்றார். சூரியனுக்கும் புதனுக்கும் இடையே மற்றொரு கோளோ, கோள்களின் கூட்டமோ இருக்கவேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் வந்துவிட்டது.

பெயர் வந்ததும் கண்டவர்களும் வந்தார்கள். பிரான்சு நாட்டுக் கிராமத்து மருத்துவர் ஒருவர், லெஸ்கார்போ என்பவர், சூரிய வட்டத்தின் குறுக்கே ஒரு கரும்புள்ளி நகர்வதைத் தாம் பார்த்ததாக எழுதினார். லெ வெரியே நேரில் சென்று அவரைக் குறுக்கு விசாரணை செய்து, மனநிறைவோடு திரும்பினார். மருத்துவருக்கு அரசாங்கப் பட்டம் கிடைத்தது. வேறு சிலரும் பார்த்ததாகச் சொன்னார்கள். சூரிய கிரகணங்களின்போது தேடினார்கள். ஆனால் எவரும் அதை இரண்டாம் முறை உறுதியாகக் காட்ட முடியவில்லை. 1877ஆம் ஆண்டு, நெப்டியூன் அகப்பட்ட அதே செப்டம்பர் 23ஆம் நாளில், லெ வெரியே காலமானார். வல்கன் வரவே இல்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன், ஈர்ப்பைப் பற்றிய தம் புதிய கொள்கையைக் கொண்டு அந்த 43 விகலையைக் கணக்கிட்டுக் காட்டினார். இம்முறை கூடுதல் பொருள் ஏதும் தேவைப்படவில்லை, விதியைத்தான் திருத்தவேண்டியிருந்தது.

ஒரே மனிதர், ஒரே முறை, ஒரே திறமை. ஒரு முறை வெற்றி, ஒரு முறை தோல்வி. நேயர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஏனெனில் இன்று வானநூல் அறிஞர்களை மிகுதியும் அலைக்கழிக்கும் 'இருட்பொருள்' பற்றிய வழக்கு, அடிப்படையில் இதே வழக்குத்தான். காணாத பொருள் ஒன்று இருக்கிறதா? அல்லது திருத்த வேண்டிய விதி ஒன்று இருக்கிறதா?

வழக்கைத் தொடங்கி வைத்தவர் பிரிட்ஸ் ஸ்விக்கி. பல்கேரியாவில் பிறந்த சுவிட்சர்லாந்துக்காரர். அமெரிக்காவில், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றியவர். 1933இல் அவர் 'கோமா' எனப்படும் விண்மீன் மண்டலக் கூட்டத்தை ஆராய்ந்தார். நமது சூரியனைப் போன்ற கோடானுகோடி விண்மீன்கள் சேர்ந்தது ஒரு மண்டலம். அப்படிப்பட்ட மண்டலங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தது அந்தக் கூட்டம். அதன் எடையை ஸ்விக்கி இரண்டு வழிகளில் கணக்கிட்டார். (பள்ளியில் 'நிறை' வேறு, 'எடை' வேறு என்று அடித்துச் சொல்லும் நாமே இங்கு எடை என்று சொல்கிறோம். பேச்சு எளிமைக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

இதை நம் தோட்டத்து வழியில் சொன்னால் எளிதாக விளங்கும். இரவில் மேட்டு பங்களாவில் நின்று கீழே பார்க்கும் ஒருவர், லயத்து வீடுகளில் எரியும் விளக்குகளை எண்ணி, இங்கே நாற்பது குடும்பங்கள் இருக்கும் என்கிறார். கடைக்காரரோ மாதந்தோறும் போகும் அரிசி மூட்டைக் கணக்கைப் பார்த்து, நானூறு குடும்பங்களுக்குக் குறையாது என்கிறார். இருவரும் எண்ணத் தெரிந்தவர்களே. ஸ்விக்கியின் முதல் கணக்கு விளக்குக் கணக்கு: மண்டலங்களின் ஒளியைக் கொண்டு விண்மீன்கள் எத்தனை, எடை எவ்வளவு என்பது. இரண்டாவது அரிசிக் கணக்கு: அந்த மண்டலங்கள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன, அந்த ஓட்டத்தில் சிதறிப் போகாமல் கட்டி வைக்க எவ்வளவு எடை வேண்டும் என்பது. வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் வேகங்கள் இருந்தன. இரண்டு கணக்குகளுக்கும் இடையே 400 மடங்கு வேறுபாடு வந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொருளைத்தான் அவர் ஜெர்மன் மொழியில் 'இருண்ட பொருள்' என்று குறித்தார்.

உண்மையைச் சொன்னால், அந்த 400 தவறான எண். அக்காலத்தில் மண்டலங்களின் தூரத்தையே சரியாக அளக்கத் தெரியவில்லை; அதைத் திருத்தினாலே வேறுபாடு எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 1970ஆம் ஆண்டுகளில் எக்ஸ் கதிர்த் துணைக்கோள்கள் அத்தகைய கூட்டங்களுக்குள் கொதிக்கும் வாயு நிறைந்திருப்பதைக் காட்டின. அந்த வாயுவின் எடை விண்மீன்களின் எடையைக் காட்டிலும் பல மடங்கு. ஆகவே ஸ்விக்கியின் 'இருண்ட பொருளில்' ஒரு பகுதி சாதாரண வாயுதான். ஆனால் எல்லாவற்றையும் கழித்த பிறகும், தெரிவதைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் தெரியாதது நிற்கிறது. விடை பிழை, கேள்வி சரி. இப்படி நடப்பதும் உண்டு. ஆனாலும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அவருடைய கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் மிகச் சிலரே.

இருட்பொருள் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இருளானது என்றால் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தையாவது மறைக்கவேண்டும். இது மறைப்பதும் இல்லை. கண்ணாடியினும் தெளிவாக வெளிச்சத்தை விட்டுவிடுகிறது. 'தெரியாப் பொருள்' என்று பெயர் வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

அந்தக் கேள்வியை மறுபடியும் உயிர்ப்பித்தவர்களுள் முதன்மையானவர் வேரா ரூபின் அம்மையார். பெண்களுக்கு வானநூல் எதற்கு என்று கேட்ட காலத்தில், நான்கு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தவர். கலிபோர்னியாவின் பலோமார் மலைத் தொலைநோக்கியில் இருந்து ஆராயப் பெண்களுக்கு முறைப்படி அனுமதி இல்லாத நிலையில், 1965இல் அந்த அனுமதியைப் பெற்ற முதற்பெண்மணி. அங்கே கழிவறை ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. அம்மையார் ஒரு தாளைப் பாவாடை வடிவில் வெட்டிக் கதவிலிருந்த ஆண் படத்தின் மேல் ஒட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாராம்!

வாஷிங்டனில் அவருடன் பணியாற்றிய கென்ட் போர்ட் என்பவர், மங்கலான ஒளியையும் பல மடங்கு பெருக்கிப் பதிவு செய்யும் நிறமாலைக் கருவி ஒன்றை உருவாக்கியிருந்தார். அதைக் கொண்டு இருவரும் ஆண்ட்ரோமெடா மண்டலத்தை ஆராய்ந்தார்கள். அது நமக்கு 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. ஆண்டுக் கடைசியில், மழை விட்டுத் தெளிந்த இரவில், மின்விளக்கு இல்லாத செம்பனைக் காட்டோரத்தில் நின்று வடக்கே பார்த்தால், ஊதிவிட்ட புகைபோலச் சிறு மங்கலாக நம் கண்ணுக்கும் தெரியும். அந்த மண்டலத்தில் 67 ஒளிவீசும் வாயுத் திட்டுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு வேகத்தில் மையத்தைச் சுற்றுகிறது என்று அளந்தார்கள்.

என்ன எதிர்பார்க்கவேண்டும்? நமது சூரியக் குடும்பத்தைப் பாருங்கள். அருகிலுள்ள புதன் வினாடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. தொலைவிலுள்ள நெப்டியூனோ வினாடிக்கு ஐந்தரைக் கிலோமீட்டருக்கும் குறைவாக நகர்கிறது. எடையெல்லாம் நடுவில் சூரியனிடம் குவிந்திருப்பதால், விலக விலக இழுப்புக் குறைகிறது, வேகமும் குறைகிறது. ஆண்ட்ரோமெடாவிலும் ஒளி நடுவில்தான் குவிந்திருக்கிறது. ஆகவே விளிம்பில் வேகம் தணியவேண்டும். தணியவில்லை! உள்ளே எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே வெளியிலும். 1970இல் இந்த முடிவு அச்சாயிற்று. ஒரு மண்டலத்தின் விந்தையாக இருக்கலாம் என்று சொல்லவும் வழியில்லாமல், 1980இல் அம்மையாரும் தோழர்களும் 21 மண்டலங்களின் கணக்கை வெளியிட்டார்கள். இடையில் 1978இல் நெதர்லாந்து நாட்டு ஆல்பர்ட் போஸ்மா, விண்மீன்களே இல்லாத வெளிப்புறத்திலும் ஐட்ரசன் வாயு வீசும் வானொலி அலைகளைக் கொண்டு அளந்து, அங்கும் வேகம் தணியவில்லை என்று காட்டியிருந்தார். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றுகிறவனுக்குத் தெரியும்: கல் வேகமாகச் சுற்றினால் கை அழுத்தமாகப் பிடிக்கவேண்டும். இங்கே கல் தெரிகிறது, வேகம் தெரிகிறது; பிடித்திருக்கும் கைதான் தெரியவில்லை.

இனி, கை எது?

காணாத பொருள் உண்டு என்பவர்கள் முதலில் வீட்டுக்குள்ளேயே தேடினார்கள். அணைந்துபோன விண்மீன்கள், ஒளிவிடாத சிறு கோளங்கள், கருந்துளைகள் ஆகியவை நமது பால்வழி மண்டலத்தைச் சுற்றிக் கூட்டமாக இருந்தால்? 1986இல் போலந்து நாட்டு அறிஞர் போதான் பசின்ஸ்கி இதைச் சோதிக்க ஒரு வழி சொன்னார். அப்படி ஒரு பொருள் தொலைவிலுள்ள விண்மீனின் நேர்முன்னே கடந்தால், அதன் ஈர்ப்பு பூதக்கண்ணாடிபோல் செயற்பட்டு, அந்த விண்மீன் சில நாள் பிரகாசமாகி மீண்டும் தணியும். ஆஸ்திரேலியாவின் ஸ்ட்ரோம்லோ மலையில் ஒரு குழுவினர், பெரிய மகல்லன் மேகம் என்னும் அண்டை மண்டலத்தின் லட்சக்கணக்கான விண்மீன்களை இரவுதோறும் படம் பிடித்தார்கள். 1993இல் முதல் நிகழ்ச்சிகள் தென்பட்டன. ஆனால் ஆண்டுகள் பல எண்ணிப் பார்த்ததில், இருட்பொருள் முழுவதற்கும் ஈடு செய்யும் அளவுக்கு அவை இல்லை. சிலியிலிருந்து பார்த்த பிரெஞ்சுக் குழு 2007இல், பால்வழியின் இருட்பொருளில் நூற்றுக்கு எட்டுப் பங்கு கூட இவை தேறமாட்டா என்று முடித்தது. ஸ்ட்ரோம்லோ மலைத் தொலைநோக்கி 2003 ஜனவரிக் காட்டுத்தீயில் எரிந்து போயிற்று. அது செய்யவேண்டிய வேலையைச் செய்துவிட்டது என்றே நாம் சொல்வோம். இல்லை என்று அளந்து சொல்வதும் வேலைதானே.

அடுத்து நியூட்ரினோ. எடையே இல்லாததுபோல் எதையும் ஊடுருவிச் செல்லும் இந்த நுண்துகள், அண்டமெங்கும் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் முந்நூறுக்கு மேல் நிறைந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் துளி எடை இருந்தால் போதும், கணக்கு நேராகிவிடும். இந்திய விஞ்ஞானி இராமநாத் கௌசிக்கும் மெக்லெலண்டும் 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே இதை எடுத்துச் சொன்னார்கள். இங்கே நமக்கு உறவான செய்தி ஒன்று உண்டு. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகப் பிடித்த இடங்களுள் ஒன்று கோலார் தங்கவயல். ஆண்டு 1965; ஆழம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய சுரங்கம் அது. தங்கத்திற்காகத் தோண்டிய பள்ளம் விஞ்ஞானத்திற்குப் பயன்பட்டது. 2001இல் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன.

நியூட்ரினோவுக்கு நேர்ந்த சங்கடம் அதன் வேகம். ஒளிக்கு நிகரான வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பது ஓரிடத்தில் கட்டிப்படாது. 1983இல் சைமன் ஒயிட், கார்லோஸ் பிரெங்க், மார்க் டேவிஸ் ஆகிய மூவர் கணினியில் ஒரு நியூட்ரினோ அண்டத்தை உருவாக்கிப் பார்த்தபோது, உண்மை வானத்தைப் போலன்றிப் பெரும் பெரும் திரள்களாகவே வந்தது. எடையும் கை கொடுக்கவில்லை. 1980இல் மாஸ்கோவில் ஓர் ஆய்வு காட்டிய எடை பின்னர் உறுதிப்படவில்லை. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகர ஆய்வு 2025இல் தந்த வரம்பின்படி, நியூட்ரினோவின் எடை எலெக்ட்ரானின் எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நமக்குத் தெரிந்த துகள்களில் தகுதியாக இருந்த ஒரே துகள் இப்படித் தேர்வில் தவறிற்று. மிஞ்சியது, இதுவரை எவரும் அறியாத, மெதுவாக நகரும் ஒரு துகள். 'குளிர்ந்த இருட்பொருள்' என்று அதற்குப் பெயர். 1980ஆம் ஆண்டுகளிலிருந்து பெரும்பான்மை அறிஞர்கள் ஏற்றுள்ள கொள்கை இதுதான்.

எதிர்த்தரப்பு வாதம் 1983இல் எழுந்தது. இஸ்ரேல் நாட்டின் வைஸ்மன் கழகத்தைச் சேர்ந்த மொர்தெகாய் மில்கிரோம், பொருளைத் தேடாதீர்கள், விதியைப் பாருங்கள் என்றார். நியூட்டனின் விதி சோதிக்கப்பட்டதெல்லாம் நம்மைச் சுற்றியுள்ள வலுவான இழுப்பில்தான். மண்டலங்களின் விளிம்பில் இழுப்பு மிக மிக மெல்லியது. அங்கே விதி வேறாக இருக்கக் கூடாதா? எவ்வளவு மெல்லியது என்றால், அசையாமல் நிற்கும் ஒரு பொருளை அந்த அளவு முடுக்கத்தால் இழுத்தால், அது வினாடிக்கு ஒரு மீட்டர் என்னும் நடைவேகத்தை அடைய 260 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த எல்லைக்குக் கீழே, தூரம் இரு மடங்கானால் இழுப்பு கால் பங்காகாமல் அரைப் பங்காகவே குறையும் என்று வைத்துக்கொண்டார். உடனே விளிம்பு வேகம் தணியாமல் நின்றுவிட்டது.

வேண்டிய விடைக்கு ஏற்ற சூத்திரம்தானே என்று நேயர்கள் கேட்கக்கூடும். நாமும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அவர் வேறொன்றும் செய்தார்: அதுவரை சரியாக அளக்கப்படாத மிக மங்கலான மண்டலங்கள் எப்படிச் சுழலும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தார். 1990ஆம் ஆண்டுகளில் ஸ்டேசி மெக்கா, எர்வின் தெ பிளோக் முதலியோர் அளந்தபோது அவர் சொன்னபடியே இருந்தது. மெக்கா இருட்பொருள் கொள்கையில் பயின்றவர் என்பதையும் சொல்லவேண்டும். ஒரு மண்டலத்தின் வேகம் மற்றொன்றைப் போல் இரு மடங்கானால், அதன் சாதாரணப் பொருளின் எடை பதினாறு மடங்கு என்ற எளிய உறவு மண்டலத்திற்கு மண்டலம் பொருந்துகிறது. காணாத பொருள் தன் விருப்பப்படி பரவியிருக்குமானால், காணும் பொருளோடு இவ்வளவு ஒழுங்காக ஒத்துப்போவானேன்? இந்தக் கேள்விக்கு இருட்பொருள் தரப்பார் விடை சொல்கிறார்கள். எளிய விடை இன்னும் சொல்லவில்லை.

மில்கிரோமின் விதி இடறி விழும் இடங்களும் உண்டு. ஸ்விக்கி பார்த்த பெருங்கூட்டங்களில் அந்த விதியைப் போட்டாலும் எடை பாதிதான் தேறுகிறது. மீதிக்குக் காணாத பொருள் வேண்டியிருக்கிறது. எதை ஒழிக்க வந்ததோ அதையே கடன் வாங்கவேண்டிய நிலை. 2006இல் வந்தது இன்னொரு சான்று. துப்பாக்கிக் குண்டின் பெயரால் வழங்கும் ஒரு மண்டலக் கூட்டத்தில், இரு கூட்டங்கள் ஒன்றோடொன்று மோதி ஊடுருவிச் சென்றிருக்கின்றன. வாயுக்கள் மோதித் தயங்கி நடுவே நின்றுவிட்டன. எக்ஸ் கதிரில் அவை தெரிகின்றன. சாதாரண எடையில் பெரும்பகுதி அந்த வாயுதான். ஆனால் பின்னணி ஒளி எங்கே வளைகிறது என்று பார்த்து எடையைத் தேடினால், அது வாயுவோடு நிற்கவில்லை. இரு புறமும் விண்மீன்களோடு கடந்து போயிருக்கிறது. தெரியும் எடை ஓரிடம், இழுக்கும் எடை வேறிடம்! விதியை மட்டும் திருத்தி இதை விளக்குவது கடினம்.

அண்டம் பிறந்த காலத்து மிச்ச ஒளியிலுள்ள மெல்லிய ஏற்றத்தாழ்வுகளும் இருட்பொருள் தரப்புக்கே சாட்சி சொல்கின்றன. பிளாங்க் துணைக்கோள் அளந்தபடி, அண்டத்தில் நூற்றுக்கு 5 பங்கு நாமறிந்த பொருள். ஏறக்குறைய 27 பங்கு இருட்பொருள். மீதி 68 பங்கு இருளாற்றல் என்னும் மற்றொரு புதிர். 2021இல் ஸ்கோர்டிஸ், ஸ்லோஸ்னிக் என்னும் இருவர், மில்கிரோமின் எண்ணத்தை விரித்து இந்தப் பழைய ஒளியையும் விளக்கக்கூடிய கொள்கை ஒன்றை அமைத்துள்ளனர். ஆகவே வழக்கு தள்ளுபடியாகவில்லை. ஆயினும் நம் கருத்தைக் கேட்டால், சான்றின் பளு காணாத பொருளின் பக்கமே சாய்கிறது என்போம்.

அப்படியானால் பிடித்துக் காட்டவேண்டாமா? அங்கேதான் தொல்லை. அமெரிக்காவின் தென் டக்கோட்டாவில், 2002இல் மூடப்பட்ட தங்கச் சுரங்கத்தில், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், ஏழு டன் திரவ செனான் நிறைந்த தொட்டி ஒன்று காத்திருக்கிறது. இருட்பொருள் துகள் ஏதேனும் ஒரு செனான் அணுவில் இடித்தால் சிறு மின்னல் தோன்றும். 2022இலும் 2024இலும் முடிவுகள் வந்தன. தேடிய துகளின் அடையாளம் இல்லை. இத்தாலியில், கிரான் சாசோ மலையடியில் சோடியம் அயோடைடு படிகங்களை வைத்திருந்த குழுவினர் மட்டும் 1990ஆம் ஆண்டுகளின் கடைசியிலிருந்து, ஆண்டுதோறும் ஜூன் மாத வாக்கில் தங்கள் கருவியில் துடிப்புக் கூடுவதைக் கண்டதாகச் சொல்லி வந்தார்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால் அப்போது இருட்பொருள் காற்று எதிர்முகமாக வேகமாய் வீசும் என்பது அவர்கள் விளக்கம். அதே வகைப் படிகங்களை வைத்துத் தென் கொரியாவிலும் ஸ்பெயினிலும் பார்த்தார்கள். அந்த ஏற்ற இறக்கம் தென்படவில்லை. வல்கனைக் கண்ட கிராமத்து மருத்துவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரு இடத்திலும் எவரும் பொய் சொன்னார்கள் என்பது நம் கருத்தன்று.

இன்னும் சிலர் அக்சியோன் என்னும் மிகமிக இலேசான துகளைத் தேடுகிறார்கள். ஒரு சலவைத் தூளின் பெயரையே எடுத்து அதற்குச் சூட்டியவர் பிராங்க் வில்செக் என்னும் நோபல் அறிஞர். வலிய காந்தத்தினுள் ஓர் உலோக அறையை வைத்து, அதன் அலைவரிசையை இம்மி இம்மியாக மாற்றி, எங்காவது மெல்லிய ஒலி கேட்கிறதா என்று கவனிப்பதுதான் அந்தத் தேடல். வானொலிப் பெட்டியைத் திருகி நிலையம் தேடும் நேயர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. வேறுபாடு ஒன்றே: அவர்களுக்கு எந்த அலைவரிசையில் நிலையம் இருக்கிறது என்பதும் தெரியாது, நிலையம் இருக்கிறதா என்பதும் தெரியாது.

வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள்: "யாருமே பார்க்கவில்லை என்றால் எப்படி ஐயா இருக்கிறது என்று சொல்கிறார்கள்?" புத்தகத்தில் 27 பங்கு என்று அச்சடித்திருப்பதைக் காட்டி வாயடைத்துவிடலாம். அது நேர்மையாகாது. அந்த 27 பங்கு, இழுப்பின் அளவைச் சொல்கிறது. இழுப்பது எது என்று சொல்லவில்லை. அரிசி மூட்டைக் கணக்கு கையில் இருக்கிறது. குடித்தனக்காரர் ஒருவரையும் வாசலில் கண்டதில்லை. இப்படிச் சொன்னால் பிள்ளைகள் மேலும் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும்.

வழக்கு வானத்தில் வேறொரு மூலையிலும் நடக்கிறது. ஒன்றையொன்று மிகத் தள்ளி நின்று சுற்றும் இரட்டை விண்மீன்களுக்கு இடையே, மில்கிரோம் சொன்ன மெல்லிய இழுப்பு இருக்கிறது. அங்கே இருட்பொருள் குறுக்கிட இடமில்லை. ஆகவே விதியை மட்டும் தனியே சோதிக்கலாம். கையா என்னும் ஐரோப்பியத் துணைக்கோள் 2025 மார்ச்சில் ஓய்வு பெறுவதற்கு முன் இத்தகைய விண்மீன்களை ஆயிரக்கணக்கில் அளந்தது. 2023இல் அதே அளவுகளை எடுத்துக்கொண்டு, கொரியாவின் கியூ-யுன் சே நியூட்டன் விதி அங்கே பிசகுகிறது என்றார். இந்திரனில் பானிக்கும் தோழர்களும் பிசகவில்லை என்றார்கள். எந்த இரட்டைகளைக் கணக்கில் சேர்ப்பது, எவற்றில் மூன்றாவது விண்மீன் மறைந்திருக்கிறது என்பதில்தான் தகராறு.

வேரா ரூபின் அம்மையார் 2016 டிசம்பர் 25இல் காலமானார். தென் அமெரிக்காவில் சிலி நாட்டு மலையொன்றின் மேல் அவர் பெயரால் எழுந்துள்ள வானாய்வுக் கூடம் 2025 ஜூன் 23இல் முதற்படங்களை வெளியிட்டது. தென்வானம் முழுவதையும் சில இரவுகளுக்கு ஒரு முறை என்று பத்தாண்டுகள் படம் பிடித்து, ஒளி வளையும் இடங்களைக் கொண்டு இருட்பொருள் பரவியிருக்கும் விதத்தை வரைவது அதன் பணிகளுள் ஒன்று. அம்மையாரிடம் ஒரு முறை கேட்டபோது, புதிய துகள் ஒன்று கிடைப்பதைக் காட்டிலும் நியூட்டனின் விதி திருத்தப்படுவதையே தாம் விரும்புவதாகச் சொன்னார்.